ஒரு படிக்கு ஒரு வினை: பாயான் லெப்பாஸ் இயந்திரக் கையேடுகளும் அவற்றை எழுதும் கருவிகளும்

"கதவைத் திறந்து, தட்டை வெளியே எடுத்து, வடிகட்டியைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் பொருத்தி மூடவும்."

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தயாராகும் ஒரு தொழிற்சாலை அடுப்புக்கான பராமரிப்புக் கையேட்டில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கணம் படித்தவர் இதில் குறை சொல்ல மாட்டார். வினையெச்சம் தமிழுக்கு வாய்த்த வசதி, பூக்கட்டுவது போலக் கோத்துக்கொண்டே போகலாம். அந்த வசதிதான் கையேட்டில் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரே படிக்குள் ஆறு வேலைகள். விடியற்காலை 3 மணி ஷிஃப்டில் கையுறையோடு நிற்கும் டெக்னீஷியன் மூன்றாவது வேலையை முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தால், விட்ட இடத்தைக் கண் கண்டுபிடிக்காது. இன்னும் மோசம், வரியில் இல்லாதவை. அடுப்பு ஆறிவிட்டதா? மின்சாரம்? வடிகட்டியின் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும்? கடைசியில் மூட வேண்டியது எதை?

அதையே இப்படி எழுதலாம் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்):

1. திரையில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்கவும்.
2. முதன்மை சுவிட்சை அணைக்கவும்.
3. சுவிட்சில் உங்கள் பூட்டையும் பெயர் அட்டையையும் மாட்டவும்.
4. கதவைத் திறக்கவும்.
5. தட்டை வெளியே எடுக்கவும்.
6. வடிகட்டிச் சட்டத்தின் 4 திருகுகளைக் கழற்றவும்.
7. வடிகட்டியை நேராக உங்கள் பக்கம் இழுக்கவும். சாய்த்து இழுத்தால் ஓரத்து ரப்பர் கிழியும்.

எட்டாவதிலிருந்து சுத்தம் செய்வது தனி வேலை. அதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

மூன்றாம் படியைத் தளத்தில் எல்லோரும் 'லோட்டோ' என்றுதான் சொல்வார்கள், லாக்அவுட் டேக்அவுட் என்பதன் சுருக்கம். நம்பர் கடை லாட்டரி ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதல் படியைக் கவனியுங்கள். திரை உயிரோடு இருக்கும்போதுதான் வெப்பநிலையைப் பார்க்க முடியும். சுவிட்சை அணைப்பதை முதலில் எழுதிவிட்டு, "வெப்பநிலை 40 பாகைக்குக் கீழே உள்ளதா எனப் பார்க்கவும்" என்று பிறகு எழுதும் கையேடுகள் உண்டு. இயந்திரத்தின் முன்னே நிற்காமல் மேசையில் உட்கார்ந்து எழுதினால் இந்தத் தவறு வந்தே தீரும்.

விமானத் துறைக்காரர்கள் இதற்கு விதியே போட்டு வைத்திருக்கிறார்கள். ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய தொழில்நுட்ப ஆங்கிலத் தரநிலை 1986இல் ஒரு வழிகாட்டியாகத் தொடங்கி, 2025 ஜனவரியில் ஒன்பதாம் பதிப்புக்கு வந்திருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய இரண்டு செயல்களுக்கு மட்டும் விலக்கு. விமானமே செய்யாத கம்பெனிகளும் இதை எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் படிப்பவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, பல வேளை மூன்றாம் மொழி. பினாங்குத் தளத்தில் நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் மியன்மார்காரரும் நிற்கும் ஷிஃப்டில் இது இன்னும் பொருந்தும்.

தமிழுக்கு 20 சொல் அதிகம். "பொருத்தப்பட்டிருப்பதை" என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் ஆகும். தமிழ்ச் செய்முறை வாக்கியத்துக்கு 10 முதல் 12 சொல் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இன்னொரு பக்கம் தமிழ் நமக்குக் கைகொடுக்கவும் செய்கிறது. நிபந்தனையை முன்னால் வை என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு விதி போட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "பொத்தானை அழுத்து, ஆனால் விளக்கு பச்சையான பிறகு" என்ற வரிசையில் எழுதிவிடுவார். படிப்பவர் பாதியிலேயே அழுத்திவிடுவார். தமிழில் "விளக்கு பச்சையானதும் பொத்தானை அழுத்தவும்" என்பதுதான் இயல்பான வாக்கியம். வினை கடைசியில் வருவதால் கை முந்திக்கொள்ளாது.

வினையெச்சச் சங்கிலிக்கு அடுத்த எதிரி "செய்யப்பட வேண்டும்". 'வால்வு மூடப்பட வேண்டும்' என்றால் யார் மூடுவது? இயந்திரம் தானாக மூடுமா, நான் மூட வேண்டுமா? மனிதன் செய்வதற்கு 'மூடவும்', இயந்திரம் செய்வதற்கு 'வால்வு தானாக மூடிக்கொள்ளும்'. அதேபோல 'லாம்' விகுதி. "இரண்டாவது திருகையும் இறுக்கலாம்" என்றால் இறுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பொருள். மரியாதைக்காக 'லாம்' போடும் பழக்கத்தைக் கையேட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

எச்சரிக்கைகள் எங்கே நிற்க வேண்டும்

ஆபத்தான படிக்கு முன்னால். எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தவறுகிறது. காரணம் சாதாரணம்: எழுத்தாளர் படியை எழுதி முடித்த பிறகு பாதுகாப்புப் பொறியாளர் மறுபார்வையில் ஒரு குறிப்பு சேர்க்கச் சொல்கிறார், அது படிக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறது.

ஆன்சி என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் இசட்535.6 தரநிலை நான்கு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. தவிர்க்காவிட்டால் சாவோ கடும் காயமோ நிச்சயம் என்றால் முதல் நிலை, நேரலாம் என்றால் இரண்டாம் நிலை, சிறு காயமோ நடுத்தரக் காயமோ என்றால் மூன்றாம் நிலை, ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருளுக்குத்தான் சேதம் என்றால் நான்காம் நிலை. தமிழில் இவற்றை அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று ஒருமுறை முடிவு செய்தால் பிறகு மாற்றவே கூடாது. ஒரு பக்கத்தில் 'எச்சரிக்கை', அடுத்த பக்கத்தில் அதே நிலைக்கு 'ஜாக்கிரதை' என்று வந்தால் நிலைகளைப் பிரித்ததே வீண்.

இங்கே மலேசியாவில் ஒரு சிக்கல் உண்டு. வடிகட்டியைத் துடைக்க ஒரு ரசாயனம் பயன்படுத்தினால், அதன் புட்டி மேல் இருக்கும் சீட்டு 2013ஆம் ஆண்டின் 'கிளாஸ்' ஒழுங்குவிதிகளின் (ஆபத்தான ரசாயனங்களின் வகைப்பாடு, சீட்டு, பாதுகாப்புத் தரவுத் தாள் பற்றியவை) கீழ் வருகிறது. சீட்டும் பாதுகாப்புத் தரவுத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அந்த முறையில் எச்சரிக்கைச் சொற்கள் இரண்டே இரண்டு: மலாயில் பஹாயா (அபாயம்), அமாரான் (எச்சரிக்கை). இயந்திரக் கையேட்டில் நான்கு நிலை, புட்டியில் இரண்டு நிலை. கையேட்டின் மலாய்ப் பதிப்பில் முதல் இரண்டு நிலைக்கும் அதே பஹாயா, அமாரான் சொற்களை வைப்பதுதான் நல்லது. மொழிபெயர்ப்பாளர் அழகுக்காக வேறு சொல் போட்டால், தளத்தில் நிற்பவருக்கு புட்டியும் கையேடும் வெவ்வேறு விஷயம் பேசுவது போலத் தோன்றும்.

'சேவ் அஸ்' என்ற வியாதி

அடுப்பு மூன்று மாடல்களில் வருகிறது: ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, நைட்ரஜன் இணைப்போடு ஒன்று. முதல் மாடலுக்கு வேர்டில் கையேடு எழுதியாயிற்று. இரண்டாவதற்கு என்ன செய்கிறார்கள்? கோப்பைத் திறந்து 'சேவ் அஸ்' கொடுத்துப் பெயரை மாற்றுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வடிகட்டியின் திருகு மாறுகிறது. ஒரு கோப்பில் திருத்துகிறார்கள். மற்ற இரண்டும் பழைய திருகையே சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது, உதிரிப்பாகம் தவறாக வந்து இறங்கும் வரை.

டிட்டா என்ற, உள்ளடக்கத்துக்குக் குறிச்சொல் இட்டு எழுதும் எக்ஸ்எம்எல் முறை இந்த வியாதிக்குத்தான் மருந்தாக வந்தது. ஐபிஎம்மில் உருவாகி, 2005இல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரநிலையானது, 1.3 பதிப்பு 2015இல் வந்தது. அடிப்படை எளிது. கையேட்டைப் புத்தகமாக நினைக்காமல் சிறு தலைப்புகளாக உடைக்க வேண்டும். அடிப்படைத் தலைப்பு மூன்று வகை: கருத்து, செய்முறை, தகவல் பட்டியல். ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. எந்த மாடலுக்கு எந்தத் தலைப்பு எந்த வரிசையில் என்று 'மேப்' கோப்பு சொல்லும். மூன்று மாடலுக்கும் பொதுவான படியை ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களில் 'கான்ரெஃப்' மூலம் இழுத்துக்கொள்ளலாம். நைட்ரஜன் மாடலுக்கு மட்டும் வேண்டிய படிக்கு ஒரு பண்பு குறித்து வைத்தால், பிடிஎஃப் எடுக்கும்போது, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று சொல்லும் இன்னொரு கோப்பு மற்ற மாடல்களில் அதை விலக்கிவிடும். டிட்டா ஓபன் டூல்கிட் இலவசம். கட்டளை வரியில் ஓட்டினால் ஒரே மூலத்திலிருந்து பிடிஎஃபும் வலைப்பக்கமும் வரும்.

கண்மூடித்தனமாக மறுபயன்பாடு செய்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பொருளின் பெயரை மாறியாக வைப்பது ஆங்கிலத்தில் வழக்கம். "திற" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை, அதில் கதவு, மூடி, வால்வு எது வேண்டுமானாலும் விழலாம். மலாயிலும் இது ஓடும், பெயர்ச்சொல் உருபு ஏற்காது. தமிழில் உடனே உடையும். கதவு 'கதவைத் திறக்கவும்' ஆகிறது, மூடி 'மூடியைத் திறக்கவும்' ஆகிறது, பெட்டகம் 'பெட்டகத்தைத் திறக்கவும்' ஆகிறது. ஒன்றில் உகரம் போகிறது, ஒன்றில் யகரம் வருகிறது, ஒன்றில் 'அத்து' சாரியை. மாறிக்குப் பின்னால் வெறும் 'ஐ' ஒட்டினால் 'கதவுஐ', 'பெட்டகம்ஐ' என்று அச்சாகும். அப்படி அச்சான தமிழை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு திரையில் பார்த்திருக்கிறோம்.

தீர்வு இரண்டு. முதலாவது, மறுபயன்பாட்டின் மிகச்சிறிய அலகு முழு வாக்கியம் என்று விதி வைப்பது. சொல்லையும் சொற்றொடரையும் இழுக்கக் கூடாது, முழுப் படியைத்தான் இழுக்கலாம். இரண்டாவது, மாறி தவிர்க்க முடியாத இடத்தில் அது உருபு ஏற்காமல் நிற்கும்படி வாக்கியத்தை மாற்றுவது: "திறக்க வேண்டிய பகுதி:" என்று எழுதிப் பெயரை அதன் பின்னால் வைப்பது. மொழிபெயர்ப்பு தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் செலவு மொழிக்கு மொழி பெருகும். முதல் வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் போட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

தமிழ்க் கையேடு யாருக்கு என்று கேட்கலாம். இங்கே தளத்தில் ஆங்கிலமும் மலாயும்தான் பெரும்பாலும் ஓடுகின்றன, உண்மை. ஆனால் இங்கிருந்து ஓர் இயந்திரம் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போனால், அங்கே அதை இயக்கப்போகிறவர் தமிழராக இருக்கலாம்.

எல்லோருக்கும் டிட்டா வேண்டுமா? வேண்டாம். ஒரு பொருள், ஒரு மொழி, ஓர் எழுத்தாளர் என்றால் வேர்டே போதும், பாணிகளை (ஸ்டைல்) ஒழுங்காகப் பயன்படுத்தினால். தலைப்பைக் கையால் தடிமனாக்குகிறவருக்கு எந்தக் கருவி வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. மாடல் மூன்றைத் தாண்டி மொழி இரண்டைத் தாண்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. அப்போது டிட்டா, மேட்கேப் ஃபிளேர், ஃபிரேம்மேக்கர் என்று பார்க்கலாம். ஃபிரேம்மேக்கர் 1980களில் பிறந்து, 1995இல் அடோபி கைக்கு வந்த பழைய குதிரை. ஆயிரம் பக்கப் புத்தகத்தை இன்றும் அசராமல் சுமக்கும்.

பழையவற்றைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். விண்டோஸின் பழைய சிஎச்எம் உதவிக் கோப்புகள் இன்னும் பல இயந்திரக் கணினிகளில் கிடக்கின்றன. அவற்றை நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம் தெரியும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். 2005 முதல் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் அதைத் தடுக்கின்றன. கோப்பைக் கணினியின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து, அதன் பண்புகளில் தடையை நீக்கினால் திறக்கும்.

மென்பொருள் கம்பெனிகளின் வழி

கோலாலம்பூர் பக்கம், பங்சார் சவுத்திலும் சைபர்ஜெயாவிலும் மென்பொருள் ஆவணம் எழுதுகிறவர்களின் மேசையில் இப்போது மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு எழுத்தும், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவியும்தான். ஆவணத்தை நிரல் மாதிரி நடத்துவது. எழுத்தாளர் தன் கிளையில் (தனக்கான தனி நகலில்) எழுதுவார், மாற்றத்தை இணைக்கக் கோருவார், நிரலாளர் வரிக்கு வரி பார்த்துக் கருத்துச் சொல்வார், ஒப்புதல் வந்ததும் தளம் தானாகக் கட்டப்படும். கட்டுவதற்கு ஸ்ஃபிங்க்ஸ், எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் ஆகிய மூன்றில் ஒன்று. வேல் என்ற சரிபார்ப்பான் தடைசெய்த சொல், நீளமான வாக்கியம், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஆகியவற்றைப் பிடித்துக் கொடுக்கும்.

இதன் பெரிய லாபம் நிரலாளர் தன் இடத்திலேயே மறுபார்வை செய்வது. வேர்டு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று வாரம் திறக்காமலே இருப்பவர், கிட்டில் வந்தால் அன்றைக்கே பார்த்துவிடுகிறார். நஷ்டம், மார்க்டவுனின் ஏழ்மை. அட்டவணையில் கட்டங்களை இணைக்க முடியாது. நிபந்தனை உள்ளடக்கம் கிடையாது, ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு நீட்சியைச் சேர்த்திருக்கும். கருவி மாறும் அன்று அந்த நீட்சிகள் எல்லாம் பக்கத்தில் குப்பையாகத் தெரியும். ஆகவே நீட்சிகளைக் குறைவாகவே பயன்படுத்துங்கள்.

தமிழில் இந்த வழி போகிறவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. பைத்தான் நிரல்மொழியுடன் வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ரீஜெக்ஸ் நூலகம், சொல் எழுத்து எது என்று முடிவு செய்யும்போது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. 'பொத்தான்' என்ற சொல்லைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் ப, த, த, ன என்று நாலு துண்டு வரும். ஸ்ஃபிங்க்ஸின் உள்ளமைந்த தேடலும் இயல்பாக அதே முறையில்தான் சொற்களைப் பிரிக்கிறது. தமிழ்ப் பக்கத்தைப் போட்டுவிட்டு, தேடல் பெட்டியில் ஐந்து சொற்களைத் தட்டிப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

எழுத்துரு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முத்து நெடுமாறன் 1980களில் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் இந்த மண்ணில்தான். திரையில் தமிழ் இன்று ஒழுங்காகத் தெரிகிறது. பிடிஎஃபில்தான் இன்னும் தொல்லை. 'கொ' என்பது கணினிக்குள் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியெண். தாளில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவம். பிடிஎஃப் உருவத்தின் வரிசையைச் சேமிப்பதால், நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் ஓடிவிடும், தேடினால் சொல் கிடைக்காது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வழக்கமான பத்தி அமைப்பானை விட்டுவிட்டு 'வேர்ல்டு ரெடி' அமைப்பானைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னாலேயே நிற்கும்; தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். இன்னொன்று, 'ஔ' குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டுவது. 'கௌ', 'கெள' இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வெவ்வேறு. மூலக் கோப்புகளில் இதைத் தேடித் திருத்தும் சிறு நிரலைக் கட்டுமானத்தின் முதல் படியாகவே வைத்துவிடுவது நல்லது.

படம் விஷயத்தில் ஒரே விதி போதும்: படத்தின் மேல் எழுத்து வேண்டாம், எண் மட்டும். விளக்கம் படத்துக்குக் கீழே. எத்தனை மொழிக்கும் ஒரே படம் செல்லும்.

கையேட்டை இப்போது முதலில் படிப்பது யார்

பல இடங்களில் உரையாடி (சாட்பாட்). வாடிக்கையாளர் கேள்வியைத் தட்டுகிறார், மென்பொருள் கையேட்டிலிருந்து பொருத்தமான துண்டுகளை எடுத்து, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கொடுக்கிறது, பதில் வருகிறது. இந்த 'துண்டு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையேட்டைச் சில பத்திகளாக வெட்டித்தான் சேமித்து வைக்கிறார்கள். "மேலே சொன்னபடி", "முந்தைய அட்டவணையில் உள்ள அளவுக்கு" என்று எழுதியிருந்தால் அந்த 'மேலே' துண்டுக்கு வெளியே போய்விடும். இறுக்க அளவு அட்டவணையில் 'நியூட்டன் மீட்டர்' என்பது தலைவரியில் மட்டும் இருந்து, அட்டவணை இரண்டாக வெட்டுப்பட்டால், இரண்டாம் பாதியில் வெறும் 10 என்ற எண் இருக்கும். மாதிரி தனக்குத் தோன்றிய அலகைச் சேர்த்துச் சொல்லும். அலகை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுங்கள். அழகு குறையும், பரவாயில்லை.

பதிப்பும் மாடலும் ஒவ்வொரு தலைப்புக் கோப்பிலும் தரவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிப்பின் படியும் புதிய பதிப்பின் படியும் கலந்து ஒரே பதிலாக வரும், அதுவும் மிக நம்பிக்கையான தொனியில். டிட்டாவில் முன்பே ஒழுங்காக எழுதியவர்களுக்கு இந்த வேலை ஏறக்குறைய முடிந்தே இருக்கிறது: தானே முழுமையாக நிற்கும் தலைப்பு, ஒரு பொருளுக்கு ஒரே பெயர். 20 ஆண்டுகளாக 'இவ்வளவு கெடுபிடி எதற்கு' என்று கேட்டவர்கள் இப்போது அதையே உரையாடிக்காகச் செய்கிறார்கள்.

எழுதுவதற்கு மொழி மாதிரியைப் பயன்படுத்துவது பற்றி என் கருத்து நேரானது. நிரல் மாற்றக் குறிப்புகளிலிருந்து வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரைவு, நீண்ட வாக்கியத்தை உடைப்பது, இருநூறு தலைப்புகளில் சொல் முரணைத் தேடுவது ஆகியவற்றுக்கு நன்றாக உதவும். இறுக்க அளவு, அழுத்தம், மெனுவின் பெயர் ஆகியவற்றை அதனிடம் எழுத விடக் கூடாது. இல்லாத மெனுவை இருப்பது போலவே எழுதும். தமிழாக்கத்தில் கவனிக்க வேண்டியவை எதிர்மறையும் எண்ணும். "திறக்காதீர்கள்" என்பது "திறக்கவும்" ஆவது அரிது, ஆனால் ஒரு தடவை நடந்தாலே போதும். எண்ணுக்கு எளிய சோதனை உண்டு: மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் உள்ள எண்களை ஒரு பட்டியலாகவும், மொழிபெயர்ப்பில் உள்ளவற்றை இன்னொரு பட்டியலாகவும் எடுத்து ஒப்பிடும் இருபது வரி நிரல். பொருந்தாத வாக்கியத்தை மட்டும் மனிதர் பார்த்தால் போதும். எதிர்மறைக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை, எச்சரிக்கை வாக்கியங்கள் அனைத்தையும் ஆள் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

தாளா, திரையா

ஐரோப்பாவுக்கு இயந்திரம் ஏற்றுமதி செய்கிறவர்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டிய தேதி 2027 ஜனவரி 20. அன்று முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1230 இயந்திர ஒழுங்குவிதி நடைமுறைக்கு வருகிறது. பயன்பாட்டு அறிவுரைகளை மின்வடிவில் கொடுக்க அது அனுமதிக்கிறது. ஆனால் வாங்கும்போது தாள் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகக் கொடுக்க வேண்டும். மின்வடிவம் இயந்திரத்தின் எதிர்பார்க்கும் ஆயுள் முழுவதும், குறைந்தது 10 ஆண்டு, இணையத்தில் கிடைக்க வேண்டும். தொழில்முறை அல்லாதவர் பயன்படுத்தும் இயந்திரத்துக்கு அடிப்படைப் பாதுகாப்புத் தகவல் தாளிலேயே வேண்டும்.

10 ஆண்டு என்பது இணையத்தில் நீண்ட காலம். இயந்திரத்தின் மேல் ஒட்டும் கியூஆர் கட்டம் நேராக பிடிஎஃப் கோப்பின் முகவரிக்குப் போனால், தளத்தை ஒருமுறை மாற்றியமைத்ததும் எல்லா ஒட்டுகளும் செத்துவிடும். ஒட்டை இயந்திரத்திலிருந்து மாற்ற யாரும் விமானம் ஏறப் போவதில்லை. கட்டத்தில் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு குறுமுகவரியும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கட்டும். அங்கிருந்து சரியான மாடல், சரியான பதிப்புக்குத் திருப்பி அனுப்புவது சர்வரின் வேலை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பல தொழிற்சாலைத் தளங்களுக்குள் கேமரா உள்ள கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கியூஆர் இருந்தும் ஸ்கேன் செய்ய ஆளில்லை. தூசு புகாமல் காக்கும் சுத்த அறையில் சாதாரணத் தாளும் கூடாது, நார்த்தூசு உதிரும். அதற்கென்று உள்ள தாளில் அச்சிட வேண்டும். அல்லது இயந்திரத்தின் சொந்தத் திரையிலேயே செய்முறை திறக்க வேண்டும். எந்த வழி என்பதை வாங்குபவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: யாராவது நாலு பக்கத்தை அச்சிட்டு, செலோடேப்பால் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவைப்பார்கள். ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மைத் தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான், பதிப்பு எண் இருக்கிறதா என்று. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் மாடலும் அச்சாகட்டும், முதல் பக்கத்தில் மட்டும் போதாது.

வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். அந்த இயந்திரத்தைத் தொட்டிராத ஒருவரை வேறு லைனிலிருந்து கூப்பிட்டு, கையேட்டைக் கையில் கொடுத்து, வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். மின்பூட்டு போட்டாயிற்றா என்பதை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி வாய் திறக்காதீர்கள். அவர் கண் தாளுக்கும் இயந்திரத்துக்கும் எத்தனை முறை போய் வருகிறது, விரல் எந்தப் படியில் நிற்கிறது, எந்தப் படியைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருகிறார் என்று படி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரைப் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் வெளியே வந்துவிடும். "அண்ணே, எந்தத் திருகு? இங்கே ஆறு இருக்கு" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். ஆறாம் படிக்கு ஒரு படம் போட்டு, கழற்ற வேண்டிய நான்கிலும் எண் எழுதுங்கள்.